நீச்சல் குளத்தைக் கவனிக்கும் குட்டிக் கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டர் என்றதும் மானிட்டரும் கீபோர்டும்தான் நம் நினைவுக்கு வரும். வாஷிங் மெஷினிலும் லிஃப்டிலும் கூட ஒரு கம்ப்யூட்டர் ஒளிந்திருக்கிறது என்று பல முறை படித்திருப்பீர்கள். இந்த மாதம் நாம் பார்க்கப் போவது நீச்சல் குளத்து மோட்டார் ரூமில் சுவரில் மாட்டியிருக்கும் ஒரு பெட்டியை. நீரைச் சோதித்து, தேவையான மருந்தைத் தானே செலுத்தும் கன்ட்ரோலர் இது. அப்படியே எக்ஸெலில் ஒரு கிராஃப் போடவும் கற்றுக்கொள்வோம்.

எனக்குச் சொந்த ஊர் கோட்டாறு. வேலை திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில். சவேரியார் கோவில் திருவிழாவுக்காக லீவு போட்டு வந்திருந்தேன். கன்னியாகுமரி சாலையில் உள்ள ஒரு ஹோட்டல் குளத்தில் நீச்சல் பழகும் அக்கா மகள், தினமும் கண் சிவந்து வீட்டுக்கு வந்தாள். அந்தக் குளத்தைப் பார்த்துக்கொள்பவர் எங்கள் தெருக்காரர்தான். விசாரித்தேன்.

“மக்ளே, நீ கம்ப்யூட்டர் படிச்ச ஆளுல்லா? அந்தப் பெட்டிய ஒருக்கா வந்து பாத்துட்டுப் போயேன். ஹைப்போவக் குடிச்சுத் தள்ளுது. தண்ணியானா தெளிய மாட்டேங்குது.”

நான் சாஃப்ட்வேர் எழுதுகிறவன், குளத்து மருந்தைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்று சொல்லிப் பார்த்தேன். அண்ணாச்சி விடவில்லை.

முதலில் பெட்டி எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடுவோம். நம் வீட்டுக் கம்ப்யூட்டரைப் போலவே இதற்கும் இன்புட், பிராசசர், அவுட்புட் மூன்றும் உண்டு. இன்புட் என்பது பேனா அளவில் இரண்டு எலெக்ட்ரோடுகள். ஒன்று நீரின் பி.எச். அளவைச் சொல்லும். இன்னொன்று ஓ.ஆர்.பி. எனப்படும் மில்லிவோல்ட் கணக்கைச் சொல்லும். குளோரின் எவ்வளவு வீரியத்துடன் இருக்கிறது என்பதற்கு அந்த மில்லிவோல்ட்தான் அடையாளம். அவுட்புட் என்பது இரண்டு சின்ன டோசிங் பம்புகள். ஒன்று ஆசிட் கேனிலிருந்தும் மற்றொன்று ஹைப்போ கேனிலிருந்தும் உறிஞ்சி, குளத்துக்குத் திரும்பும் குழாயில் சொட்டு சொட்டாகச் செலுத்தும்.

இரண்டுக்கும் நாம் ஓர் இலக்கு எண் கொடுக்க வேண்டும். இங்கே பி.எச். 7.4, ஓ.ஆர்.பி. 700 என்று கொடுத்திருந்தார்கள். பி.எச். 7.4-ஐத் தாண்டினால் ஆசிட் பம்ப் ஓடும். ஓ.ஆர்.பி. 700-க்குக் கீழே போனால் ஹைப்போ பம்ப் ஓடும். அவ்வளவுதான் புரோகிராம். ‘இஃப்’ வாக்கியம் இரண்டு எழுதத் தெரிந்தவர் யாரும் இதை எழுதிவிடலாம்.

பி.எச். ஏன் இவ்வளவு முக்கியம்? குளோரின் நீரில் இரண்டு வடிவங்களில் இருக்கும். கிருமியைக் கொல்லும் வேகம் ஹைப்போகுளோரஸ் அமிலம் என்ற வடிவத்துக்குத்தான். பி.எச். 7.2-ல் குளோரினில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு இந்த வடிவத்தில் இருக்கும். 8.2-க்கு ஏறினால் ஆறில் ஒரு பங்குதான் மிஞ்சும். மருந்தின் அளவு அதேதான், வேலை மட்டும் நடக்காது. குளோரின் போடும் குளங்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 7.2 முதல் 7.8 வரை என்று வரம்பு சொல்வது இதனால்தான். (பி.எச். என்ற அளவை 1909-ல் உருவாக்கிய சோரன்சன், கோபன்ஹேகனில் ஒரு பீர் கம்பெனியின் ஆய்வகத்தில் வேலை பார்த்தவர்!)

பெட்டியில் அப்போது பி.எச். 7.2, ஓ.ஆர்.பி. 610 என்று காட்டியது. ஹைப்போ பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. ஆசிட் பம்ப் சும்மா இருந்தது. எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது. பெட்டியின் பக்கவாட்டில் பென் டிரைவ் செருகும் இடம் இருக்கவே, ஒரு மாதத்து லாகை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

இப்போது உங்கள் கம்ப்யூட்டருக்கு வாருங்கள். இப்படிப்பட்ட பெட்டிகள் தரும் ஃபைல் பெரும்பாலும் சி.எஸ்.வி. வகையாக இருக்கும். ஒவ்வொரு வரியிலும் தேதி, நேரம், அளவுகள் எல்லாம் கமா போட்டுப் பிரிக்கப்பட்டிருக்கும். எக்ஸெலிலும் திறக்கலாம், இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க்கிலும் திறக்கலாம். கால்க் ஒரு சின்ன விண்டோவில் எதை வைத்துப் பிரிப்பது என்று கேட்கும். கமாவை டிக் செய்து ஓ.கே. கொடுங்கள். நேரம் உள்ள பத்தியையும் பி.எச். உள்ள பத்தியையும் கன்ட்ரோல் கீயை அழுத்திக்கொண்டே தேர்வு செய்யுங்கள். இன்சர்ட் மெனுவில் சார்ட், அதில் லைன். முடிந்தது.

என் திரையில் வந்த கோட்டைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம் தட்டியது. பதினெட்டு நாளாக 7.2-ல் ஸ்கேல் வைத்து வரைந்தது போல ஒரே நேர்கோடு. வெயில் அடிக்கிறது, மழை பெய்கிறது, ஐம்பது பேர் குளிக்கிறார்கள். ஹைப்போ வேறு காரத்தன்மை உள்ளது. அதை ஊற்ற ஊற்ற பி.எச். ஏற வேண்டும். கோடு மட்டும் அசையவே இல்லை!

மறுநாள் காலை சொட்டு மருந்து டெஸ்ட் கிட்டில் பார்த்தோம். குளத்து நீர் கருஞ்சிவப்பாக மாறியது. கிட்டின் வண்ண அட்டைப்படி 8.2. எலெக்ட்ரோடைக் கழற்றி, பி.எச். 7 என்று அச்சிட்ட பஃபர் கரைசலில் வைத்தோம். 7.2 காட்டியது. பி.எச். 4 கரைசலில் வைத்தோம். அப்போதும் 7.2! முனையில் உள்ள மெல்லிய கண்ணாடிக் குமிழில் விரிசல் விட்டிருந்தது. விரிசல் விட்ட எலெக்ட்ரோடு எந்த நீரில் வைத்தாலும் 7-ஐ ஒட்டியே காட்டிக்கொண்டிருக்கும்.

இப்போது கதை புரிந்துவிட்டது. பெட்டி 7.2-ஐ நம்பி ஆசிட்டே விடவில்லை. பி.எச். ஏறியதால் குளோரின் வீரியம் இழந்து ஓ.ஆர்.பி. இறங்கியது. உடனே பெட்டி இன்னும் ஹைப்போவை விட்டது. அதனால் பி.எச். மேலும் ஏறியது. பிள்ளைகளின் கண் சிவந்ததுதான் மிச்சம். தப்பான டேட்டாவைக் கொடுத்தால் எந்தக் கம்ப்யூட்டரும் தப்பாகத்தான் வேலை செய்யும். வைரஸ் எதுவும் தேவையில்லை.

புது எலெக்ட்ரோடு மாட்டினால் வேலை முடிந்தது என்று கிளம்பப் பார்த்தேன். அப்போதுதான் லாகில் இன்னொன்று உறுத்தியது. அண்ணாச்சியின் ஜெனரேட்டர் நோட்டில் மதியம் 2.10 முதல் 2.50 வரை கரண்ட் இல்லை என்று எழுதியிருந்தது. பெரிய ஃபில்டர் மோட்டாருக்கு ஜெனரேட்டர் லைன் கிடையாது. ஆனால் லாகில் அந்த நாற்பது நிமிடமும் ஹைப்போ பம்ப் ஓடியிருக்கிறது.

பெட்டியையும் டோசிங் பம்புகளையும் இன்வெர்ட்டரில் இணைத்திருந்தார்கள். நம் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு யு.பி.எஸ். வைப்பது நல்ல பழக்கம். இங்கே அதுதான் வினை. நீர் ஓடாத குழாய்க்குள் மருந்து மட்டும் சேர்ந்துகொண்டே போயிருக்கிறது. இதைத் தடுக்கத்தான் குழாயில் ஃப்ளோ சுவிட்ச் என்று ஒன்று வைப்பார்கள். நீரோட்டம் நின்றால் அது பெட்டிக்குச் சொல்லும், பெட்டி பம்புகளை நிறுத்திவிடும். மூடியைத் திறந்து பார்த்தால், அந்தச் சுவிட்சின் இரண்டு வயர்களும் ஒன்றாக முறுக்கிக் கிடந்தன.

“அது சும்மா சும்மா கத்திச்சு மக்ளே. அதான் முன்ன இருந்தவரு சேத்து முறுக்கி விட்டுட்டாரு.”

ஆன்டிவைரஸ் எச்சரிக்கை தொந்தரவாக இருக்கிறது என்று அதை நிறுத்தி வைப்பவர்களை நமக்குத் தெரியும். ஆனால் இது அதைவிட மோசம். ஹைப்போவும் ஆசிட்டும் கலந்தால் குளோரின் வாயு உண்டாகும். 2015-ல் கலிஃபோர்னியாவில் ஒரு பொதுக் குளத்தில் இப்படித்தான் நடந்தது. சுழற்சி மோட்டார் நின்றது, மருந்து பம்புகள் நிற்கவில்லை. மோட்டாரை மறுபடி போட்டதும் குழாயில் சேர்ந்திருந்த வாயு, குளித்துக்கொண்டிருந்தவர்கள் நடுவே வந்து, பலர் மூச்சுத் திணறலுக்கு ஆளானார்கள்.

யோசித்துப் பாருங்கள். எலெக்ட்ரோடு கெட்டிருந்ததால் இங்கே ஆசிட் பம்ப் ஓடவே இல்லை. அதனால்தான் இதுவரை ஒன்றும் ஆகவில்லை. நான் எலெக்ட்ரோடை மட்டும் மாற்றிவிட்டுப் போயிருந்தால் பெட்டி 8.2 என்று பார்த்து ஆசிட்டை நிற்காமல் விட்டிருக்கும். அடுத்த கரண்ட் கட்டில் இரண்டும் ஒரே குழாயில் கலந்திருக்கும். அதைச் செய்தவன் நானாக இருந்திருப்பேன்.

அன்றே இரண்டு டோசிங் பம்புகளின் பிளக்கையும் உருவிவிட்டு, குளத்தை மூடச் சொன்னோம். ஹோட்டல்காரர்கள் முகம் சுளித்தாலும் ஒப்புக்கொண்டார்கள். எலக்ட்ரீஷியன் வந்து புது ஃப்ளோ சுவிட்ச் மாட்டினார். அதோடு, டோசிங் பம்புகளுக்கான கரண்டை ஃபில்டர் மோட்டாரின் ஸ்டார்ட்டரிலிருந்தே எடுக்கும்படி மாற்றினார். மோட்டார் ஓடாவிட்டால் பம்புகளுக்குக் கரண்டே போகாது. பெட்டி கரண்ட் இல்லாமல் அணைந்தாலும் கவலையில்லை. இலக்கு எண்கள் அதன் மெமரியில் அப்படியே இருக்கும். இதற்குப் பிறகுதான் புது எலெக்ட்ரோடை மாட்டி, 7, 4 இரண்டு பஃபரிலும் காலிப்ரேட் செய்தோம்.

ஒரு பம்ப் தொடர்ந்து இத்தனை நிமிடத்துக்கு மேல் ஓடினால் நிறுத்திவிட்டு அலாரம் அடிக்கச் சொல்லும் வசதியும் மெனுவில் இருந்தது. அதில் பூஜ்யம் கொடுத்து முடக்கியிருந்தார்கள். 60 நிமிடம் என்று மாற்றினேன். மெனுவின் பாஸ்வேர்டு, கம்பெனியிலிருந்து வந்த 0000 அப்படியே இருந்தது. அதையும் மாற்றச் சொன்னேன்.

உங்கள் அபார்ட்மென்ட்டில் நீச்சல் குளம் இருந்தால், யாரும் தண்ணீரில் இல்லாத நேரத்தில் பராமரிப்பவரிடம் ஒன்று மட்டும் செய்து காட்டச் சொல்லுங்கள். டோசிங் பம்ப் ஓடும்போது ஃபில்டர் மோட்டாரை நிறுத்தினால், பம்பும் உடனே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அன்று யாரும் குளத்தில் இறங்க வேண்டாம். மூடியைத் திறந்து வயரில் கை வைக்கும் வேலையையும் ஆசிட் கேனைத் தொடும் வேலையையும் தெரிந்தவர்களிடம் விட்டுவிடுங்கள்.

லீவு முடிந்து நான் திருவனந்தபுரம் திரும்பிய மூன்றாம் நாள் அண்ணாச்சி போன் செய்தார். பி.எச். 7.5, ஓ.ஆர்.பி. 704, சொட்டு மருந்து டெஸ்டிலும் அதே அளவுதானாம். பேசிக்கொண்டிருக்கும்போதே அங்கே கரண்ட் போய்விட்டது. “ஒரு நிமிசம் இரு” என்று சொல்லிவிட்டு மோட்டார் ரூமுக்குள் போனார். செருப்புச் சத்தம் கேட்டது.

“ரெண்டும் நின்னுட்டு, மக்ளே.”