விழுந்த பல்லும் வகுப்பறைத் தமிழும்

குழந்தையின் முதற்பல் விழும் நாள் வீட்டில் ஒரு சிறு விழாவாகும். எங்கள் இல்லத்தில் நன்னி அப்பல்லைச் சாணத்தில் பொதிந்து ஓட்டுக்கூரைமேல் எறியச் செய்வார். இலங்கையில் அணிலிடம் புதுப்பல் கேட்பர். ஸ்பெயின் நாட்டில் எலி வரும். சிறுவயது அரசன் பதின்மூன்றாம் அல்போன்சோவுக்காக லூயிஸ் கொலோமா என்னும் பாதிரியார் 1890களில் புனைந்த கதையால் அவ்வெலி புகழ்பெற்றது. அமெரிக்காவிலோ பல் தேவதை தலையணைக்கடியில் காசு வைத்துச் செல்வாள். இத்தகைய வழக்கங்களைத் தொகுத்துச் செல்பி பீலர் எழுத, பிரையன் கராஸ் ஓவியம் தீட்டிய ஆங்கிலப் படநூல் 1998இல் வெளிவந்தது. 'உன் பல்லைக் கூரைமேல் எறி' என்பது அதன் தலைப்பு. நம் வீட்டு வழக்கே தலைப்பாய் அமைந்தமை வியப்பிற்குரியது.

நாட்டு நலப்பணித் திட்ட முகாமின்போது சிவகாசியை அடுத்த ஒரு சிற்றூர்ப் பள்ளியின் இரண்டாம் வகுப்பில் இந்நூலின் செய்திகளைத் தமிழில் சொல்லிப் பார்த்தேன். "இல்லாத தேவதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாமா?" என்று எங்கள் ஜமாஅத் பெரியவர் ஒருவர் முன்னரே வினவியிருந்தார். நேரிய வினாவே. நம்பும்படி சொல்லாது, 'அவர்கள் இவ்வாறு சொல்வர். உங்கள் வீட்டில் எவ்வாறு?' என்று கேட்பதே முறை எனக் கொண்டேன். கேட்ட அளவில் வகுப்பு முழுதும் பேசத் தொடங்கிற்று. "எங்க வீட்டுக்கு மேல வேற வீடு இருக்கு, பல்லை எங்க எறியுறது?" என்றான் ஒரு சிறுவன். அவனுக்கு விடைகூற எந்நூலாலும் இயலாது!

இலக்கணப் பாடத்திற்கும் பொக்கைவாய் உதவியது. தகரமும் நகரமும் பிறக்க நாநுனி மேற்பல்லின் அடியைப் பொருந்த வேண்டும். வகரம் பிறக்க மேற்பல்லும் கீழிதழும் இயைய வேண்டும். இது தொல்காப்பியப் பிறப்பியல் கூறும் நுட்பம். மேல் முன்பற்கள் இரண்டும் இழந்த சிறுவனை 'வண்டி' எனச் சொல்லச் செய்தோம். காற்று நழுவிற்று, வகுப்பு சிரித்தது, அவனே மிகுதியும் சிரித்தான். பட்ட வகுப்பில் இந்நூற்பாவை மனப்பாடம் செய்யும் நம் மாணவச் செல்வங்களுள் எத்தனை பேர் தம் நாவால் தம் பல்லைத் தொட்டுப் பார்த்திருப்பர்?

பின்னர்த் தேவதையின் படத்தைக் காட்டினேன். உடலெங்கும் வெள்ளி மினுக்கம். முன்வரிசைச் சிறுமி, "எங்கம்மாவும் சாயங்காலம் இப்படித்தான் மினுங்குவாங்க" என்றாள். பட்டாசு ஆலையின் அலுமினியத் தூள் அது. சிறிது நேரம் எனக்குப் பேச்சு எழவில்லை. இவ்வட்டாரத்தில் பால்பல் விழும் பருவத்திலேயே தீப்பெட்டி வேலைக்குச் சென்ற தலைமுறை உண்டு. சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் வழக்கில் உச்சநீதிமன்றம் 10.12.1996 அன்று தீர்ப்பளித்து, சட்டத்தை மீறிப் பணியில் அமர்த்தப்பெறும் ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்தப் பணித்தது. அன்று அவ்வகுப்பில் அமர்ந்திருந்த குழந்தைகள் பள்ளியில் இருந்தனர். தாய்மார் ஆலையில் இருந்தனர்.

நாட்டுக்கெல்லாம் வண்ணப்படம் அச்சிடும் ஊரின் அருகே அப்பள்ளியில் படநூல் ஒன்றும் இல்லை. எனவே அச்சகத்தில் கழித்த நாட்காட்டித் தாள்களின் பின்புறத்தில் குழந்தைகளையே வரையச் செய்து, தைத்து நூலாக்கினோம். அச்சிறுமியின் தேவதைக்குச் சிறகில்லை. கையில் தூக்குச்சட்டி இருந்தது. கீழே, 'அம்மா வேல முடிஞ்சு வர்ராங்க' என எழுதியிருந்தாள். சிவப்பு மையைத் திறந்தேன். திருத்த மனம் வரவில்லை.