ஒரு பருவத்தில் கற்றது

அயல்நாட்டுக் கல்வி என்றதும் நம்மில் பலருக்கு நினைவில் எழுவன இரண்டு: ஒன்று பட்டம், மற்றொன்று அப்பட்டத்தால் வரும் வேலை. ஒரே ஒரு பருவம் மட்டும் வெளிநாட்டில் பயின்று திரும்பும் மாணவனுக்கு இவ்விரண்டும் கிட்டுவதில்லை. அவனுக்குப் பட்டம் அளிப்பது நம் பல்கலைக் கழகமே; அவன் திரும்பி வந்து சேரவேண்டிய இடமும் இதுவே. அங்ஙனமாயின் அவன் பெறும் பயன் யாது? ஜெர்மனியிலுள்ள கோட்டிங்கன் பல்கலைக் கழகத்தில் குளிர்காலப் பருவத்தை முடித்துக்கொண்டு, இன்னும் சில நாட்களில் தாயகம் திரும்ப இருக்கும் வேளையில் இக்கேள்வியைச் சிறிது ஆராய விரும்புகிறேன்.

ஊரும் அதன் புகழும்

கோட்டிங்கன், லைனே ஆற்றங்கரையில் அமைந்த சிறு நகரம். அதன் பல்கலைக் கழகம் 1737-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது. கணித மேதை காஸ் இங்கே பணியாற்றினார். அவரும் வேபரும் சேர்ந்து 1833-இல் ஊரின் கூரைகளுக்கு மேலே கம்பி இழுத்து மின்சாரத் தந்தி அனுப்பிக் காட்டினர். 1925-இல் ஹைசன்பர்க், மாக்ஸ் பார்ன், ஜோர்டான் ஆகிய மூவரும் குவாண்டம் இயக்கவியலுக்கு அடிகோலியதும் இங்கேதான். பார்னின் கல்லறை இவ்வூர் இடுகாட்டில் இருக்கிறது. அதன்மேல் அவருடைய புகழ்பெற்ற சமன்பாடு செதுக்கப்பட்டுள்ளது. பௌதிகம் பயில்வோர்க்கு அது காணத்தக்க இடம்.

பாடம் நடக்கும் முறை

குளிர்காலப் பருவம் அக்டோபர் முதல் நாளன்று தொடங்கி மார்ச் இறுதியில் முடிகிறது. ஆனால் விரிவுரைகள் நடப்பவை ஏறத்தாழப் பதினான்கு வாரங்களே. பத்து மணி வகுப்பு பத்தேகாலுக்குத் தொடங்குவது பழைய மரபு. விரிவுரை முடிந்ததும் மாணவர்கள் கைதட்டுவதில்லை. மேசையை விரல் முட்டியால் தட்டித் தம் நன்றியைத் தெரிவிக்கிறார்கள்.

இவை வேடிக்கைச் செய்திகள். உண்மையான வேறுபாடு வேறோரிடத்தில் உள்ளது. ஆசிரியர் எத்தனை மணி நேரம் பேசினார் என்பதைக் கொண்டு பாடத்தின் கனத்தை அளந்து பழகியவர்கள் நாம். ஐரோப்பிய முறையில், மாணவன் எத்தனை மணி நேரம் உழைக்கவேண்டும் என்பதே அளவு. ஒரு பருவத்திற்கு 30 அலகுகள். ஓர் அலகு என்பது 25 முதல் 30 மணி நேர உழைப்பு. வகுப்பில் அமர்ந்திருக்கும் நேரம் இவ்வுழைப்பில் ஒரு சிறு பகுதியே.

எஞ்சிய உழைப்பில் பெரும்பகுதி வாரந்தோறும் வரும் பயிற்சித் தாளுக்குச் செல்கிறது. சில கணக்குகளைக் கொடுத்து ஒரு வாரத் தவணையும் தருகிறார்கள். நண்பர்களோடு கூடிப் பேசித் தீர்ப்பதற்குத் தடையில்லை. பின்னர் ஒரு சிறு வகுப்பு கூடுகிறது. அங்கே ஒருவர் எழுந்துபோய்த் தம் விடையைக் கரும்பலகையில் எழுதி விளக்கவேண்டும். பல பாடங்களில், பயிற்சித் தாள்களில் பாதியளவு மதிப்பெண்ணேனும் பெற்றாலன்றித் தேர்வு எழுத இயலாது. ஆயினும் அம்மதிப்பெண் பெரும்பாலும் இறுதித் தேர்வின் தரத்தோடு சேர்வதில்லை. பயிற்சி என்பது பரிசுக்காக அன்று, பழக்கத்திற்காக.

(தேர்வில் 1.0 என்பதே மிக உயர்ந்த தரம், 4.0 தேர்ச்சியின் கடைசிப் படி. 1.3 வாங்கினேன் என்று வீட்டுக்குத் தெரிவிக்கும் மாணவன் இதனையும் கூடவே தெரிவித்துவிடுதல் நலம்.)

கரும்பலகையின் முன் நிற்கும்போது ஓர் உண்மை புலப்படுகிறது. விடை தெரிந்திருப்பது வேறு. அதனைப் பிறர்க்கு விளங்கவைப்பது வேறு. "இந்த அடியிலிருந்து அடுத்த அடி எப்படி வந்தது?" என்று உடன் பயிலும் ஒருவன் கேட்கும்போது, மனப்பாடம் செய்த விடை துணைக்கு வருவதில்லை. கேட்பவனும் பகைமையால் கேட்பதில்லை. தனக்கு விளங்கவில்லை என்பதற்காகவே கேட்கிறான். விளங்கவில்லை என்று நாலு பேர் நடுவில் சொல்வதை அங்கே யாரும் தாழ்வாகக் கருதுவதில்லை.

வாழ்க்கை

டிசம்பரில் மாலை நான்கு மணி கடந்ததும் கதிரவன் மறைந்துவிடுகிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் கடைகள் மூடிக் கிடக்கின்றன. சனிக்கிழமையே அரிசி வாங்கி வைக்காதவன் மறுநாள் ரொட்டியைத் தின்னவேண்டியதுதான். ஆனால் இவையெல்லாம் நமக்கு முற்றிலும் புதியன அல்ல. தமிழ்நாட்டை விட்டு வடக்கே வந்து, புரியாத மொழியில் பேருந்துக்கு வழி கேட்டு, விடுதிச் சப்பாத்திக்குப் பழகிக்கொண்ட அன்றே அயலில் வாழும் பாடத்தின் முதல் பகுதியை நாம் படித்துவிட்டோம். இங்கிருந்து செல்லும் தமிழ் மாணவன் இரண்டாம் முறை புலம் பெயர்கிறான். முதல் முறை பட்டது அவனுக்குக் கைகொடுக்கிறது.

வரலாறு தரும் எச்சரிக்கை

கோட்டிங்கனின் பெருமையை மட்டும் சொல்லி நிறுத்துதல் நேர்மையாகாது. எம்மி நோய்தர் என்னும் கணித மேதை பெண் என்ற காரணத்தால், 1919 வரை தம் பெயரில் விரிவுரை நிகழ்த்தும் உரிமையின்றி இருந்தார். 1933-இல் நாஜி ஆட்சி யூத ஆசிரியர்களைப் பதவியிலிருந்து விலக்கியது. நோய்தரும் பார்னும் வெளியேறினர்; ஜேம்ஸ் ஃபிராங்க் எதிர்ப்புத் தெரிவித்துப் பதவி துறந்தார். ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளில் வளர்ந்த புகழ் சில மாதங்களில் சிதைந்தது. கட்டடங்களும் நூல்நிலையமும் அப்படியே இருந்தன, கற்பித்தவர்கள்தாம் இல்லை.

அவ்வாறு வெளியேறிய பார்னைச் சர் சி. வி. இராமன் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்திற்கு அழைத்தார். 1935-36-இல் பார்ன் சில மாதங்கள் அங்கே தங்கியிருந்தார். அவருக்கு நிலையான பேராசிரியப் பதவி அளிக்க இராமன் முயன்றும் அது கைகூடவில்லை; பார்ன் எடின்பரோவுக்குச் சென்றார். ஊர்கள் கற்றவரை விரட்டுவதும் உண்டு. வாயில்வரை வந்தவரை நழுவவிடுவதும் உண்டு.

நாம் செய்யக் கூடியது

ஒரு கலைக்கூடத்தின் உயிர் அதன் மனிதரிடமும் அவர்தம் பழக்கத்திலும் இருக்கிறது என்பதே இதனால் விளங்குவது. பழக்கம் கொண்டுவருவதற்கு எளிது. பெட்டியில் எடை கூடாது.

நம் தமிழ்ச் சங்கம் பொங்கல் விழாவைச் சிறப்பாக நடத்துகிறது, அது தொடரவேண்டும். அதனோடு வாரம் ஒரு மாலை பயிற்சி வட்டம் ஒன்றும் கூடலாம். ஒரு கரும்பலகையும் சிறிது சுண்ணக்கட்டியும் போதும். அவ்வாரப் பாடத்தில் ஒரு கணக்கை ஒருவர் எழுந்து தமிழில் விளக்கட்டும். மற்றவர்கள் ஏன், எப்படி என்று கேட்கட்டும்.

தமிழில் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. கோட்டிங்கனில் இளநிலை மாணவன் தன் தாய்மொழியில் ஐயம் கேட்கிறான், ஆதலால் தயங்குவதில்லை. தமிழ்வழியில் பயின்று இங்கு வந்த முதலாண்டுத் தம்பி தங்கையர் பலர் வகுப்பில் வாய் திறவாமல் இருக்கின்றனர். அவர்களுக்கு அறிவில் குறையில்லை. கேள்வியை ஆங்கிலத்தில் கோத்து முடிப்பதற்குள் வகுப்பு அடுத்த பாடத்திற்குப் போய்விடுகிறது. தமிழில் ஒருமுறை கேட்டுத் தெளிந்தவர், மறுமுறை ஆங்கிலத்திலும் துணிந்து கேட்பார். அவ்வாறு கேட்க இடமின்றி ஒருவர் படிப்பை இடையில் விட்டுப் போவாராயின், அவ்விழப்பில் மூத்த மாணவராகிய நமக்கும் பங்குண்டு.

வரும் பருவத்தின் முதல் சனிக்கிழமை மாலை இவ்வட்டத்தைத் தொடங்கலாம் என்பது என் வேண்டுகோள். முதல் கணக்கை விளக்கும் பொறுப்பை நானே ஏற்றுக்கொள்கிறேன். கேள்வி கேட்கும் பொறுப்பு உங்களுடையது.