காணாமல் போனவளும் மிச்சமிருப்பவர்களும்

அன்புள்ள தம்பிக்கு,

வாடகையைப் பங்கு போட்டு ஒரே வீட்டில் குடியிருக்கும் நாலு பேர், அவர்களில் ஒருத்தி திடீரென்று காணாமல் போகிறாள். இதை அரை மணி நேர நாடகமாக எழுதப்போவதாகச் சொன்னாய். பேனாவை எடுக்கும் முன் ஈரானிய இயக்குநர் அஸ்கர் ஃபர்ஹாதியின் ‘அபவுட் எல்லி’ (2009) படத்தைப் பார்த்துவிடு. பெர்லின் விழாவில் சிறந்த இயக்குநர் விருது பெற்ற படம். ஃபர்ஹாதி நாடகம் படித்துவிட்டுச் சினிமாவுக்கு வந்தவர் என்பதால் உனக்கு நேரடியாகவே உதவும்.

டெஹ்ரானில் ஒன்றாகப் படித்த நண்பர்கள் குடும்பத்தோடு காஸ்பியன் கடற்கரைக்குப் போகிறார்கள். செபிதே தன் மகளின் ஆசிரியை எல்லியையும் கூட்டி வருகிறாள். ஜெர்மனியிலிருந்து வந்திருக்கும், மணமுறிவான அகமதுக்கு அவளை முடித்துவைக்கலாம் என்று ஆசை. மறுநாள் ஒரு சிறுவன் கடலில் மூழ்குகிறான். அவனைக் காப்பாற்றிக் கரை சேர்த்த பிறகுதான், குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்த எல்லியைக் காணோம் என்று உறைக்கிறது. கடல் கொண்டுபோனதா, சொல்லாமல் கிளம்பிவிட்டாளா? அவளுடைய முழுப் பெயர்கூட அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை! முந்தின இரவு அவளோடு சிரித்து விளையாடியவர்கள்தான் எல்லோரும்.

நாடகம் இங்கேதான் இருக்கிறது, தேடுதலில் இல்லை. எல்லி ஊருக்குத் திரும்பிவிடக் கூடாதென்று செபிதே அவளுடைய பையை ஒளித்துவைத்திருந்தாள். வீடு கிடைப்பதற்காக எல்லியும் அகமதுவும் புதுமணத் தம்பதி என்று சொல்லியிருந்தாள். எல்லாம் நல்லெண்ணத்தில் சொன்ன பொய்கள். அவை ஒவ்வொன்றாக வெளியே வர, நண்பர்கள் ஒருவர்மேல் ஒருவர் பழி போடத் தொடங்குகிறார்கள்.

எல்லிக்கு ஏற்கெனவே நிச்சயமானவன் ஒருவன் வந்து நிற்கிறான். ‘நீங்கள் கூப்பிட்டபோது, தனக்கு நிச்சயமாகிவிட்டதென்று சொல்லி மறுத்தாளா?’ என்பதே அவனுக்குத் தெரிய வேண்டியது. மறுத்திருந்தாள். நண்பர்கள் நெருக்கியதால் செபிதே ‘இல்லை’ என்கிறாள். தங்களைக் காத்துக்கொள்ள, பதில் சொல்ல அங்கே இல்லாத பெண்ணின் மானத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். எனக்கு அந்தக் கடலைவிடப் பயங்கரமான காட்சி இதுதான்.

ஆகவே போலீஸ் விசாரணை, மர்ம போன் அழைப்பு எதுவும் உனக்கு வேண்டாம். மிச்சமிருக்கும் மூவரும் அவளிடம் மறைத்தது என்ன, அவளைப் பற்றி மறைப்பது என்ன என்று முதலில் எழுதிக்கொள். பிறகு, கேள்வி கேட்க வருபவர் யார் என்று முடிவு செய். அம்மாவா, ஊரிலிருந்து வரும் அண்ணனா? அவர் கதவைத் தட்டும்போது, என்ன சொல்வதென்று மூவரும் இன்னும் பேசி முடித்திருக்கக் கூடாது.

அன்புடன்,
அண்ணன்