எலும்புக்கும் ஒரு சாரம்

தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் வேலை செய்வோரின் பிள்ளைகள் பலர் என் எட்டாம் வகுப்பில் படிக்கிறார்கள். எலும்பு மண்டலம் பற்றிய பாடத்தின்போது ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "அப்பாவுக்குக் கால் எலும்பு நொறுங்கிப்போச்சு மிஸ். இடுப்பு எலும்புல இருந்து கொஞ்சம் எடுத்து வச்சாங்க. இப்போ இடுப்பும் வலிக்குதாம். எலும்பைக் கடையில வாங்க முடியாதா?"

வகுப்பு சிரித்தது. எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. "அடுத்த வாரம் சேர்ந்தே கண்டுபிடிப்போம்" என்றேன்.

செயல்பாடு

தேவையானவை: சதை நீக்கிக் கழுவிய கோழிக்கால் எலும்புகள் மூன்று, வினிகர், இரண்டு கண்ணாடிக் குப்பிகள்.

1. ஓர் எலும்பை வினிகரிலும் மற்றொன்றைத் தண்ணீரிலும் ஐந்து நாள் ஊறவிடுக. இரண்டையும் தினமும் மாற்றுக. குமிழிகள் வரும், மூடியை இறுக்க வேண்டாம்.
2. மூன்றாவது எலும்பை ஆசிரியரே திறந்த வெளியில் வெண்மையாகும்வரை சுட்டு, ஆறிய பின் கொண்டுவருக.

வினிகரில் ஊறியது ரப்பர்போல் வளைந்தது. தண்ணீரில் இருந்தது வளையவில்லை. சுட்டது விரலால் அழுத்தியதும் பொடிந்தது.

மாணவர்கள் கண்டறிந்தது

வினிகர் கரைத்தது கால்சியம் பாஸ்பேட் தாதுவை. நெருப்பு எரித்தது கொலாஜன் என்னும் புரதத்தை. தாது கடினம் தருகிறது, கொலாஜன் முறியாமல் காக்கிறது. "கான்கிரீட்டும் கம்பியும் மாதிரி" என்றான் கொத்தனார் மகன் ஒருவன்.

அவன் உவமையிலிருந்தே பதிலைத் தொடங்கினேன். சிறு முறிவை எலும்புச் செல்களே சரிசெய்யும். பெரிய இடைவெளியை அவற்றால் தாண்ட முடியாது. நோயாளியின் இடுப்பு எலும்பு நன்றாகப் பொருந்தும். ஆனால் கிடைப்பது கொஞ்சம், உடலில் இன்னொரு காயமும் உண்டாகிறது. ஆகவே கட்டடத்துக்குக் கட்டுவதுபோல் செல்கள் பற்றி ஏற ஒரு சாரம் தேவை. நுண்துளைகள் நிறைந்த ஹைட்ராக்சிஅபடைட் பீங்கான் அத்தகையது. எலும்புத் தாதுவும் ஏறத்தாழ அதுவே. 1969இல் அமெரிக்காவில் லாரி ஹென்ச், எலும்போடு ஒட்டும் கண்ணாடியை உருவாக்கினார். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் எலும்புக்கான உயிரிப் பீங்கான்கள் ஆராயப்படுகின்றன. சென்னை மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் கொலாஜனை ஆராய்கிறது.

சாரத்தில் நோயாளியின் செல்களையும் வளர்ச்சிக் காரணிகளையும் சேர்ப்பது திசுப் பொறியியல். சில வகைச் சாரங்கள் எலும்பு வளர வளரக் கரைந்துவிடும். யாரும் அவிழ்க்க வேண்டியதில்லை. ஆனால் பெரிய சாரத்தின் நடுப்பகுதிக்கு இரத்தம் சென்று சேர்வது இன்னும் சவாலாகவே இருக்கிறது.

"அப்போ கடையில சாரம்தான் கிடைக்கும். எலும்பை உடம்புதான் கட்டணும், இல்லையா மிஸ்?" என்றாள் அந்த மாணவி. அந்த வாக்கியத்தையே கரும்பலகையில் எழுதினேன்.

மதிப்பீட்டு வினாக்கள்

1. தண்ணீரில் ஓர் எலும்பை வைத்தது ஏன்?
2. சாரத்தில் துளைகள் இல்லாவிட்டால் என்ன ஆகும்?
3. எலும்பு வளரும் முன்பே சாரம் கரைந்துவிட்டால்?