மாருதியை விற்காதே

ஹட்டன்

அன்பு மகனுக்கு,

கண்டியிலிருந்து திரும்பும்போதெல்லாம் லபுக்கலை ஏற்றத்தில் மாருதி கார் கொதித்து நிற்கிறது, கராஜில் ஹெட்டைக் கழற்ற வேண்டுமென்று பெரிய தொகை சொல்கிறார்கள், விற்றுவிடட்டுமா என்று எழுதியிருந்தாய். விற்காதே.

முதலில் ரேடியேட்டர் மூடியை மாற்றிப் பார். நுவரெலியா உயரத்தில் தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடும். மூடியின் ஸ்பிரிங் அழுத்திப் பிடிப்பதால்தான் அதற்கு மேலும் தாங்குகிறது. தளர்ந்த மூடி கொழும்பில் தெரியாது. றம்பொடை தாண்டியதும் தெரிந்துவிடும். அதன்பிறகும் கொதித்தால் ஃபேன், தெர்மோஸ்டாட். ஹெட் கடைசி. எஞ்சின் சூடாக இருக்கையில் மூடியை யாரையும் திறக்க விடாதே. தோட்டத்து லயத்துப் பையன்கள் உதவுகிறோம் என்று ஓடிவருவார்கள்.

வண்டி விடுகிற கறுப்புப் புகைக்கும் காரணம் இந்த உயரம்தான். நுவரெலியாவில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. கொழும்பில் சரிபார்த்த காபரேட்டர் அங்கே பெற்றோலைக் கூடுதலாக விடும். மலையில் வேலை செய்கிற மெக்கானிக் பாஸிடம் காட்டு.

ஏறாத வண்டி உன்னை நடக்க வைக்கும், அவ்வளவுதான். இறக்கத்தில் நிற்காத வண்டியைத்தான் நினைத்து எனக்குத் தூக்கம் வருவதில்லை. பிரேக் ஒயில் ஈரத்தைக் குடிக்கும், நம் ஊரில் ஈரத்துக்குக் குறைவில்லை. நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூட்டில் அந்த ஈரம் ஆவியாகி, பெடல் பஞ்சுபோல் உள்ளே போய்விடும். பிரேக் ஒயில் டப்பாவின் மூடியைத் திறந்து பார்: புது ஒயில் வெளிறிய தேன் நிறம், உன்னுடையது தேயிலைச் சாயம்போல் இருந்தால் அன்றைக்கே மாற்று. எந்தக் கியரில் ஏறுவாயோ அதே கியரில் இறங்கு. பெற்றோல் மிச்சமென்று நியூட்ரலில் விடுகிறவர்களோடு சேராதே. சீட் கவருக்கும் பாட்டுப் பெட்டிக்கும் வைத்திருக்கிற காசை டயருக்கும் பிரேக்குக்கும் போடு.

வேறு கார் வாங்கலாமென்றால், 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்குத் திறந்துவிட்டார்கள். திறந்தும் வரி போக நம் கைக்கு எட்டுகிற விலையில் ஒன்றுமில்லை. இதை விற்றால் இன்னொருவருடைய தலைவலியைத்தான் கூடுதல் விலைக்கு வாங்குவாய். இதன் நோயாவது உனக்குத் தெரியும். 796 சீசீ, மூன்று சிலிண்டர். பிளக்கைக் கழற்றித் துடைக்க நீயே பழகிக்கொள்ளலாம். பழகிய காதுக்கு வண்டி நிற்பதற்கு முன்பே சத்த வித்தியாசம் தெரியும். அந்தப் பழக்கம் கடன் கட்டி ஓட்டுகிற புதுக்காரில் வராது.

எங்கள் காலத்தில் நடுச்சாமத்தில் பிரசவ வலி வந்தால் தோட்டத்து லொறிக்காகப் பங்களா வாசலில் காத்து நின்றோம். கொழுந்து லொறியில் ஆஸ்பத்திரிக்குப் போன பெண்கள் எத்தனையோ பேர். இன்று உன் லயத்தில் ஆபத்து அவசரத்துக்கு உன் கதவைத் தட்டுகிறார்கள் என்று அலுத்துக்கொண்டு எழுதியிருந்தாய். எனக்கு அதைப் படிக்கப் பெருமையாக இருந்தது.

பெயர் மாற்றாமல் ஓப்பன் பேப்பரில்தானே வாங்கினாய்? தாமதிக்காமல் உன் பெயருக்கு மாற்று. இன்னொருவர் பெயரிலிருக்கும் வண்டியில் ராத்திரியில் நோயாளியை ஏற்றிப் போய் ஒரு விபத்து நடந்தால் யாரும் துணைக்கு வரமாட்டார்கள்.

சனிக்கிழமை இங்கே கொண்டுவா, பிரேக் ஒயிலை நாமே மாற்றிவிடுவோம். ரதெல்ல குறுக்கு வீதியால் வராதே. 2023 ஜனவரியில் பஸ்ஸும் வேனும் ஆட்டோவும் மோதி 7 பேரை அங்கே பறிகொடுத்தோம். நேரமானாலும் பிரதான வீதியால், இரண்டாம் கியரில் வா.

அன்புடன்,
சித்தப்பா