முதலில் எண்ணெயா, தண்ணீரா? ரொட்டி சொல்லும் அறிவியல்

பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ காலைப் பசியாறலுக்குச் சாப்பாட்டுக் கடைக்குப் போனால், ரொட்டி சானாய் வீசுபவரைப் பார்க்கலாம். கையளவு மாவு உருண்டை, கிழியாமல் துணிபோல் விரிகிறது. அதே கோதுமையில் சிந்தி மக்கள் செய்யும் 'கோக்கி' என்ற காரரொட்டியை அப்படி வீச முடியாது. இழுத்தால் பிய்ந்துவிடும்; வெந்தபின் பிஸ்கட்போல் உதிரும். ஏன் இந்த வேறுபாடு?

சிந்திகளின் தாயகமான சிந்து, 1947 பிரிவினையில் பாகிஸ்தானுடன் சேர்ந்தது. அங்கிருந்து வந்த பலர் மும்பைக்கு அருகிலுள்ள உல்லாஸ்நகர் போன்ற இடங்களில் குடியேறினர். அவர்களின் காலை உணவு கோக்கி. நீண்ட ரயில் பயணத்திற்குக் கட்டிக்கொண்டு போகும் உணவும் அதுவே.

மாவுக்குள் ஒரு வலை

கோதுமை மாவில் குளூட்டெனின், கிளையடின் என்னும் இரு புரதங்கள் உள்ளன. தண்ணீர் சேர்த்துப் பிசைந்தால் இவை இணைந்து 'குளூட்டன்' என்னும் வலையாகின்றன. ரப்பர்போல் நீளும் தன்மை அதனால்தான் வருகிறது. ரொட்டி சானாய் மாவை நன்கு பிசைந்து, உருண்டைகளுக்கு எண்ணெய் பூசிப் பல மணி நேரம் ஊற வைப்பார்கள். அதற்குள் வலை முழுமையாக உருவாகி, இறுக்கமும் தளர்ந்துவிடும். அதனால் மாவு விரிந்து கொடுக்கிறது.

கோக்கியில் வரிசை மாறுகிறது. தண்ணீருக்கு முன்பே மாவில் எண்ணெயைத் தேய்த்துப் பிசறுவார்கள். எண்ணெய் மாவுத் துகள்களைப் போர்த்திக்கொள்வதால், புரதத்தைத் தண்ணீர் எளிதில் அடைவதில்லை. வலை துண்டு துண்டாகவே உருவாகிறது. மொறுமொறுப்பின் இரகசியம் இதுதான்.

செய்முறை (ஒரு கோக்கி)

ஆட்டா மாவு 60 கிராம், எண்ணெய் 2 தேக்கரண்டி, பொடியாக நறுக்கிய சிறு வெங்காயம், பச்சை மிளகாய், கொத்தமல்லித் தழை, சீரகம், உப்பு. எண்ணெயைப் பிசறியபின் மற்றவற்றைச் சேர்த்து, சிறிதளவே தண்ணீர் தெளித்துக் கெட்டியாகப் பிசையுங்கள். தடிப்பாகத் தேய்த்து, தோசைக்கல்லில் இருபுறமும் இலேசாக வாட்டி எடுங்கள். சூடு ஆறியதும் அதையே மீண்டும் உருட்டித் தேய்த்து, மேலே கத்தியால் கோடு கீறி, இன்னொரு தேக்கரண்டி எண்ணெய் விட்டுச் சிறுதீயில் வேகவிடுங்கள். தடித்த ரொட்டி என்பதால் பெருந்தீயில் வெளிப்புறம் கருகும், உள்ளே வேகாது. பொன்னிறமும் மணமும் புரதமும் சர்க்கரையும் சூட்டில் வினைபுரிவதால் வருபவை. இவ்வினையை 1912-இல் பிரான்ஸ் அறிவியலாளர் லூயி கமீல் மைலார்ட் விளக்கினார்.

கணக்குப் போடுவோம்

60 கிராம் ஆட்டா மாவு ஏறத்தாழ 200 கிலோகலோரி தரும். மூன்று தேக்கரண்டி எண்ணெய் ஏறத்தாழ 120. மொத்தம் 320. வெறும் ரொட்டி சானாய் ஒன்று ஏறத்தாழ 300. அப்படியானால் ஆட்டா ரொட்டி உடலை இளைக்க வைக்கும் என்று நினைப்பது சரியா? எண்ணெய் எந்த மாவில் சேர்ந்தாலும் ஒரு கிராமுக்கு 9 கிலோகலோரிதான்!

வேறுபாடு நார்ச்சத்தில் இருக்கிறது. தவிடு நீங்காத 60 கிராம் கோதுமை மாவில் ஏறத்தாழ 6 கிராம் நார்ச்சத்து உண்டு. அதே அளவு வெள்ளை மாவில் 2 கிராம்கூட இல்லை. நமக்கு ஒரு நாளைக்கு 20 முதல் 30 கிராம் தேவை. நார்ச்சத்து செரிமானத்தை மெதுவாக்குவதால் இரத்தத்தில் சர்க்கரை திடீரென ஏறுவது குறையும். 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு, நீரிழிவு உள்ளது. அதனால் இந்தச் சில கிராம்களும் முக்கியம். வாங்கும்போது பொட்டலத்தின் பின்புறம் நார்ச்சத்து எவ்வளவு என்று பாருங்கள். எல்லா ஆட்டா மாவும் ஒன்றல்ல.

இன்னொன்று. தவிட்டிலுள்ள பைட்டிக் அமிலமும் தேநீரிலுள்ள டேனினும் இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தடுக்கும். வைட்டமின் சி அதற்கு உதவும். எனவே கோக்கியுடன் தே தாரேக் வேண்டாம். தக்காளித் துண்டோ கொய்யாவோ சாப்பிடலாம். சிந்திகளைப்போல் தயிர் சேர்த்தால் புரதமும் கால்சியமும் கூடும்.

செய்து பாருங்கள்

இரு கிண்ணங்களில் தலா 60 கிராம் வெள்ளை மாவு எடுங்கள். ஒன்றில் 2 தேக்கரண்டி எண்ணெயைப் பிசறிய பிறகு தண்ணீர் விடுங்கள். மற்றதைத் தண்ணீரில் 5 நிமிடம் பிசைந்தபின் மேலே அதே அளவு எண்ணெய் பூசுங்கள். 30 நிமிடம் கழித்து இரண்டையும் இழுத்துப் பாருங்கள். எது அதிகம் நீள்கிறது?

சிந்தியுங்கள்: அரிசி மாவில் ரொட்டி சானாய் வீச முடியுமா? முடியாதெனில், அதில் இல்லாதது எது?