கொடுக்க விரும்புவதும் கொடுக்க வேண்டியதும்

வேத பாடம்

வாசிக்க: லேவியராகமம் 19:9–13, 1 இராஜாக்கள் 21:1–19, மாற்கு 7:9–13



 கொடுத்தலின் ஆசீர்வாதத்தைக் குறித்து இந்தப் பக்கங்களில் பலமுறை தியானித்திருக்கிறோம். இம்முறை அதற்கு முந்தின ஒரு காரியத்தைத் தியானிக்கலாம் என்று கர்த்தர் ஏவினார். அது, பிறருக்கு உரியதைக் கொடாமல் பிடித்து வைத்தல்.

களவு என்றதும் பூட்டை உடைப்பவனும் பையை அறுப்பவனும்தான் நம் நினைவுக்கு வருகிறார்கள். நாம் அப்படிப்பட்டவர்கள் அல்ல என்று ஆறுதல் அடைகிறோம். ஆனால் மாற்கு 10:19-ஐக் கவனியுங்கள். ஐசுவரியமுள்ள மனிதனுக்கு ஆண்டவர் கற்பனைகளை ஒவ்வொன்றாகச் சொல்லி வரும்போது, களவு செய்யாதே என்பதோடு நிற்கவில்லை. வஞ்சனை செய்யாதே என்று இன்னொன்றையும் சேர்க்கிறார். அங்கே உள்ள கிரேக்கச் சொல்லுக்கு, ஒருவனுக்குச் சேரவேண்டியதைச் சேரவிடாமல் செய்தல் என்று பொருள். கொரிந்து சபையில் சகோதரருக்கே அநியாயம் செய்தவர்களைப் பவுல் கடிந்துகொள்ளும்போதும் இதே சொல்தான் வருகிறது (1 கொரி. 6:8). பணக்கார மனிதனுக்கு இந்தச் சொல் ஏன் தேவைப்பட்டது? அவன் யாருடைய வீட்டிலும் கன்னமிட்டிருக்க மாட்டான். ஆனால் அவன் கையில் இருந்ததில் பிறருக்குச் சேரவேண்டியது எவ்வளவு என்று அவன் எண்ணிப் பார்த்திருந்தானோ?

1. சூரியன் அஸ்தமிக்குமுன்

கூலிக்காரனுடைய கூலி விடியுமட்டும் நம்மிடத்தில் தங்கக்கூடாது என்று லேவியராகமம் 19:13 கற்பிக்கிறது. உபாகமம் 24:15 அதற்குக் காரணத்தையும் சொல்லுகிறது: அவன் ஏழை, அவன் ஜீவனே அந்தக் கூலியின்மேல் இருக்கிறது.

கம்பம் பள்ளத்தாக்கில் இருப்பவர்களுக்கு இந்த வசனத்தை விளக்க வேண்டியதில்லை. பொழுது புலருமுன்னே கம்பத்திலும் கூடலூரிலும் தேவாரத்திலும் போடியிலும் பெண்கள் தூக்குவாளியோடு ஜீப்புக்குக் காத்து நிற்கிறார்கள். கம்பம்மெட்டு, போடிமெட்டு, குமுளி வழியாக மலையேறி, இடுக்கி ஏலத்தோட்டங்களில் வேலை செய்து, இருட்டும் நேரத்தில் இறங்கி வருகிறார்கள். அன்றைய கூலியில் அரிசி உண்டு, பிள்ளையின் நோட்டுப் புத்தகம் உண்டு, சர்க்கரை மாத்திரையும் உண்டு. வார்டில் காலில் ஆறாத புண்ணோடு படுத்திருக்கும் ஒரு தாயிடம், "ஏம்மா மாத்திரையை நிறுத்தினீங்க?" என்று கேட்டால், "பாக்கி வரலை ஐயா" என்ற பதிலை நாங்கள் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். கூலி தாமதமாவது கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி. அவள் உடம்பிலோ அது ஒரு விரல், சில வேளை ஒரு கால்.

பிடித்து வைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது, அந்தச் சத்தம் சேனைகளுடைய கர்த்தரின் செவிகளில் எட்டுகிறது என்கிறார் யாக்கோபு (5:4). போடிமெட்டுக்கு அப்பால் மூணாறில் 2015-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் அந்தச் சத்தம் வீதியிலும் கேட்டது. பெரும்பாலும் தமிழ்ப் பெண்களாகிய தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள், 20 சதவீதப் போனஸ் 10 சதவீதமாகக் குறைக்கப்பட்டதை எதிர்த்துச் சாலையில் உட்கார்ந்தார்கள். அப்போது அவர்களுடைய நாள் கூலி 232 ரூபாய். தொழிற்சங்கத் தலைவர்களையும் விலகி நிற்கச் சொல்லிவிட்டு, 'பெம்பிளை ஒருமை' என்ற பேரில் தாங்களே பேசினார்கள். ஒன்பது நாள் போராட்டத்தின் முடிவில் 20 சதவீதம் திரும்பக் கிடைத்தது. அவர்கள் தர்மம் கேட்கவில்லை; பறித்த கொழுந்துக்குரிய பங்கைக் கேட்டார்கள்.

தோட்டக்காரர்களை மட்டும் குறை சொல்லி இந்தப் பகுதியை முடித்தால் நாங்கள் உத்தமர் ஆகமாட்டோம். பல வருஷங்களுக்கு முன் நாங்கள் ஊழியம் செய்த ஒரு மருத்துவமனையில் புதிய கட்டடத்தின் பிரதிஷ்டை நடந்தது. பந்தல், வாழைமரம், பாடகர் குழு, வந்தவர்களுக்கு மதிய உணவு எல்லாம் இருந்தன. அன்று தேவசெய்தி கொடுத்ததும் நாங்களே. ஆராதனை முடிந்து அங்கியைக் கழற்றும்போது, தரை துடைக்கும் ஒரு சகோதரி வாசலில் நின்றுகொண்டு, "கட்டடம் நல்லா இருக்கு ஐயா. எங்க ரெண்டு மாசச் சம்பளம் எப்ப வரும்னு கேட்டுச் சொல்றீங்களா?" என்றார். எங்களுக்கு அது தெரியாது. தெரிந்துகொள்ள முயலவில்லை என்பதுதான் எங்கள் பாவம். அன்று இரவு எரேமியா 22:13-ஐத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். அநியாயத்தினால் வீட்டைக் கட்டி, அயலானை வேலை வாங்கிக் கூலி கொடாதிருக்கிறவனுக்கு ஐயோ என்று அங்கே எழுதியிருக்கிற பொருள், யோயாக்கீமின் அரண்மனைக்கு மட்டுமா?

2. முத்திரை போட்ட அநியாயம்

இரண்டாவதாக, சட்டத்தின் பேராலேயே உரிமை பறிக்கப்படலாம் என்று வேதம் காட்டுகிறது. பன்னீர் திராட்சைப் பந்தல்களின் நடுவே வாழும் நமக்கு நாபோத்தின் கதை தூரத்துக் கதை அல்ல. அவனுக்கு அந்தத் திராட்சத்தோட்டம் பிதாக்களின் சுதந்தரம். ராஜாவுக்கோ அது வெறும் கீரைக்கொல்லைக்கான இடம். ஆகாப் அதைக் கத்தி முனையில் பிடுங்கவில்லை. ராஜாவின் முத்திரையோடு கடிதங்கள் போயின. உபவாசம் கூறப்பட்டது. மூப்பர்கள் கூடினார்கள். சட்டப்படி இரண்டு சாட்சிகள் நின்றார்கள். எல்லாம் முறைப்படி நடந்தது. நாபோத் கல்லெறியுண்டு செத்தான். அநியாயமான தீர்ப்புகளை எழுத்தில் வரைகிறவர்களுக்கு ஏசாயா 10:1,2 ஐயோ என்று கூறுவது இப்படிப்பட்ட எழுத்துக்களைக் குறித்தே.

தேனி 1996-இல் தனி மாவட்டமாகும்வரை மதுரையோடு இருந்தது. அந்தப் பழைய மதுரை ஜில்லாவில் இப்படி ஒரு எழுத்து இருந்தது. 1911-ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் பிறமலைக் கள்ளர் சமூகத்தின்மேல் சுமத்தப்பட்டது. ஒரு குற்றமும் செய்யாதவனும் பிறப்பினாலேயே குற்றவாளி என்று பெயர் பதியப்பட்டான். கைரேகை வைக்கவேண்டும், இரவில் வீட்டில் உறங்க உரிமை இல்லை, ஊரைவிட்டுப் போக ராதாரிச் சீட்டு வேண்டும். ஜனங்கள் அதை 'ரேகைச் சட்டம்' என்றார்கள். 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி உசிலம்பட்டி பக்கத்துப் பெருங்காமநல்லூரில், ரேகை வைக்க மறுத்தவர்கள்மேல் போலீஸ் சுட்டதில் பலர் மாண்டார்கள். சென்னை மாகாணத்தில் 1947-இல்தான் இந்தச் சட்டம் ஒழிந்தது.

இதில் சபைக்கு இரண்டு பாடங்கள் உண்டு. ஒன்று வெட்கத்துக்குரியது. சென்னை மாகாணத்தில் இதே சட்டத்தின் கீழ் அமைந்த குடியிருப்புகள் சிலவற்றை மிஷன் ஸ்தாபனங்களே நடத்தின. நல்ல எண்ணத்தோடுதான் நடத்தினார்கள். ஆனால் அங்கே பள்ளியும் மருந்தும் பெற்றவனுக்கு வெளியே போகும் உரிமை இல்லை. தேவையைக் கொடுத்து உரிமையைப் பிடித்து வைக்கலாம் என்பதற்கு இது சாட்சி.

மற்றது ஆறுதலானது. மதுரையில் வழக்கறிஞராயிருந்த ஜார்ஜ் ஜோசப் என்னும் கேரளக் கிறிஸ்தவர், இந்த ஜனங்களுக்காக நீதிமன்றத்தில் வாதாடினார், சட்டத்தை எதிர்த்து எழுதினார். அவரை அவர்கள் அன்போடு 'ரோசாப்பூ துரை' என்று அழைத்தார்கள். 1938-இல் அவர் மதுரையில் காலமானார். ஊமையனுக்காக வாயைத் திறக்கச் சொல்லும் நீதிமொழிகள் 31:8-க்கு நம் பக்கத்திலேயே ஒரு மாதிரி.

3. குமாரத்திகளின் பங்கு

மூன்றாவது, வீட்டுக்குள் நடப்பது. எண்ணாகமம் 27-இல் செலொப்பியாத்தின் ஐந்து குமாரத்திகள் ஆசரிப்புக் கூடார வாசலில், மோசேக்கும் எல்லாப் பிரபுக்களுக்கும் முன்பாக நின்று, தகப்பனுடைய காணியாட்சியில் தங்களுக்கும் பங்கு கேட்டார்கள். அவர்கள் சொல்வது நியாயம் என்று கர்த்தர் தாமே தீர்ப்புச் சொன்னார்.

உயில் எழுதாமல் மரித்த கிறிஸ்தவத் தகப்பனின் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு என்று 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் சொல்லுகிறது. மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவப் பெண்களுக்கு அந்த நியாயம் கிடைக்க, மேரி ராய் அம்மையார் உச்சநீதிமன்றம்வரை போகவேண்டியிருந்தது. 1986-இல்தான் தீர்ப்பு வந்தது. நம் பக்கத்தில் சட்டம் இருந்தும் நடப்பது என்ன? துக்க வீட்டுச் சாப்பாடு முடிந்த கொஞ்ச நாளில் அக்காவிடமும் தங்கையிடமும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிடுகிறோம். "நகை போட்டுச் சீர் செய்தாயிற்றே" என்கிறோம். மனமார விட்டுக்கொடுக்கிறவர்களும் உண்டு. ஆனால் கையெழுத்துப் போடாவிட்டால் பிறந்த வீட்டு வாசல் அடைபடும் என்று பயந்து போடுகிறவளின் கையெழுத்தை, மனமார்ந்த ஈவு என்று கர்த்தருடைய சந்நிதியில் சொல்லக்கூடுமோ?

பங்கு மட்டுமா? பிறந்து உயிரோடிருக்கும் உரிமையே பெண் குழந்தைக்கு மறுக்கப்பட்ட வட்டாரம் இது. 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-இல் தேனிக்கும் விரிவாக்கப்பட்டதன் காரணத்தை நாம் அறிவோம். கருவிலுள்ள குழந்தை ஆணா பெண்ணா என்று சொல்வதை 1994-ஆம் ஆண்டின் சட்டம் தடுக்கிறது. ஸ்கேன் அறை வாசலில் தொங்கும் பலகை அதைத்தான் சொல்கிறது. ஆயினும் பலகையைப் படித்துவிட்டும் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஆலயத்துக்கு வருகிறவர்களும் உண்டு.

4. கொர்பான்

இப்போது, காணிக்கை அனுப்பும் உங்களோடு பேச வேண்டிய இடத்துக்கு வந்திருக்கிறோம். பரிசேயரிடம் ஆண்டவர் கண்ட குற்றம் என்ன? பெற்றோருக்குச் செய்யவேண்டியதைத் தேவனுக்குக் காணிக்கை என்று, அதாவது 'கொர்பான்' என்று, சொல்லிவிட்டால் அதன்பின் தாய் தகப்பனுக்கு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை என்று அவர்கள் போதித்தார்கள். பக்தியே உரிமையைப் பறிக்கும் கருவியாயிற்று. இப்படித் தேவ வசனத்தை அவமாக்குகிறீர்கள் என்றார் ஆண்டவர்.

ஆகவே பிரியமானவர்களே, எங்கள் மனதில் உள்ளதைச் சொல்லிவிடுகிறோம். உங்கள் வீட்டில் பாத்திரம் துலக்கும் அம்மாவுக்கு இந்த மாதச் சம்பளம் பாக்கி என்றால், அந்தப் பணத்தை எங்களுக்கு அனுப்பாதேயுங்கள். முதியோர் இல்லத்தில் விட்ட தகப்பனாரின் மருந்துக்கு வேண்டியது, சகோதரிக்குச் சேரவேண்டிய பங்கு, கடையில் வேலை பார்க்கும் பையனுக்கு நீங்கள் வாக்குக் கொடுத்த தொகை, இவைகளை முதலாவது செலுத்துங்கள். பலிபீடத்தண்டையில் காணிக்கையை வைத்துவிட்டு முதலில் சகோதரனிடம் போ என்ற ஆண்டவர் (மத். 5:23,24), எங்கள் ஏழை நோயாளர் நிதிக்கும் அதே ஒழுங்கைத்தான் வைத்திருக்கிறார். இப்படி எழுதினால் வரவு குறையுமே என்று அலுவலகத்தில் ஒரு தம்பி கவலைப்பட்டார். குறையட்டும். ஒரு ஏழையின் பாக்கியை வாங்கி இன்னொரு ஏழைக்கு மருந்து கொடுக்கும் ஊழியத்துக்குக் கர்த்தர் நம்மை அழைக்கவில்லை.

சகேயு வீட்டில் நடந்ததையும் நினைவுகூருங்கள் (லூக்கா 19:8). ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு என்றதோடு அவன் நிறுத்தவில்லை. அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துவேன் என்றான். முந்தினது தர்மம், பிந்தினது கடன். இரண்டும் சேர்ந்த வீட்டில்தான் இரட்சிப்பு வந்தது என்று ஆண்டவர் சொன்னார்.

திராட்சப்பழத்தை அறுத்தபின் மறுபடியும் பொறுக்காமல் பரதேசிக்கும் திக்கற்றவனுக்கும் விதவைக்கும் விட்டுவிட வேண்டும் என்கிறது உபாகமம் 24:21. கொடியில் மீந்திருக்கும் அந்தக் குலை தோட்டக்காரன் மனமிரங்கிப் போடும் பிச்சை அல்ல. அது விதவைக்கு உரியது. அவள் தலைகுனிந்து வாங்க வேண்டியதில்லை, நிமிர்ந்து பறித்துக்கொள்ளலாம். உங்கள் காணிக்கையால் சிகிச்சை பெறும் ஒவ்வொருவரும் எங்கள் வாசலை அப்படியே நிமிர்ந்து கடக்கவேண்டும் என்பதே எங்கள் வாஞ்சை. அதற்கு எங்களில் குறைவு காணப்பட்டால் தயங்காமல் எழுதிச் சுட்டிக்காட்டுங்கள்.

சிந்திக்க:

1. இன்று சூரியன் அஸ்தமிக்குமுன் நான் யாருக்கு என்ன செலுத்த வேண்டியதிருக்கிறது?

2. "நாளைக்கு வா" என்று நான் திருப்பி அனுப்பியவர் யார்? (நீதி. 3:27,28)

3. நம் சபையிலும் ஸ்தாபனங்களிலும் வேலை செய்கிறவர்களின் சம்பளம் ஒழுங்காய்ச் செலுத்தப்படுகிறதா? அதை யாராவது விசாரித்ததுண்டா?

ஜெபம்: நீதியுள்ள பிதாவே, எங்கள் கையில் தங்கியிருக்கிற பிறருடைய பங்கை எங்களுக்குக் காண்பியும். அதைத் திரும்பச் செலுத்தும் தைரியத்தைத் தாரும். நாங்கள் காணிக்கையோடு வரும்போது, கூலிக்காரரின் கூக்குரல் எங்களுக்கு முன்பாக உம்முடைய சந்நிதியில் வந்து நில்லாதிருப்பதாக. இயேசு கிறிஸ்துவின் மூலம் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
மருத்துவமனைச் சிற்றாலய ஊழியர்